இணை தேடும் காய்கள்

நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் இல்லங்களில், கைப்பேசியில் காய் பொருத்தும் விளையாட்டைக் காண்பது இப்போது நமக்குப் புதிதன்று. நாம் உள்ளே நுழைந்தவுடன் அதனைத் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவோர் உண்டு. செபமாலை இருக்க வேண்டிய கையில் இது இருக்கிறதே என்று சாமி நினைத்துவிடுவாரோ என்னும் கூச்சம். ஒளிக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதனை எழுதுகிறோம்.

மாஜோங் என்பது சீனத்தில் நால்வர் கூடி ஆடும் ஆட்டம். அதன் காய்களைக் கொண்டு ஒருவர் தனித்து ஆடும் கணினி ஆட்டமே நாம் கூறுவது. 144 காய்கள் ஆமை வடிவில் ஐந்து அடுக்குகளாகக் கிடக்கும்; அடியில் 87, அதன்மேல் 36, பிறகு 16, பிறகு 4, உச்சியில் ஒன்றே ஒன்று. மூங்கில், வட்டம், எழுத்து, காற்று, நாகம் எனப் பல முகங்கள். ஒரே முகமுடைய இரண்டை இணைத்து நீக்க வேண்டும். நீக்கும் காயின்மேல் வேறொன்று அமர்ந்திருக்கலாகாது. இடமோ வலமோ ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். பூக்களுக்கும் பருவங்களுக்கும் மட்டும் சிறு சலுகை: எந்தப் பூவும் எந்தப் பூவோடும், எந்தப் பருவமும் எந்தப் பருவத்தோடும் சேரும். மற்ற முகம் ஒவ்வொன்றுக்கும் நான்கு காய்கள் இருப்பதால், எந்த இரண்டை முதலில் எடுப்பது என்பதிலேதான் சூட்சுமம். அவசரமாய் எடுத்த இணை, அடியில் கிடப்பதை இறுதிவரை பூட்டிவிடக்கூடும்.

இதனைக் கணினியில் ஆக்கியவர் அமெரிக்கரான பிராடி லாக்கார்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராக இருந்தவர். 1979-இல் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே அவர் உடல் செயலிழந்தது. 1981-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பிளேட்டோ என்னும் கணினி அமைப்பில், வாயில் கவ்விய குச்சியால் எழுத்தெழுத்தாகத் தட்டி இந்த ஆட்டத்தை எழுதி முடித்தார். பத்து விரல்களும் நலமாக உள்ள நாம், ஒரு கடிதத்திற்குப் பதில் எழுத எத்தனை நாள் தள்ளிப்போடுகிறோம்! 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் 'ஷாங்காய்' என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. பின்னர் தோன்றிய வடிவங்களுக்குக் கணக்கில்லை. அசைய இயலாதவர் காய்களை விடுவிக்கும் ஆட்டத்தை ஆக்கினார் என்பதில் உவமை தேடுவது எம் போன்றோருக்குத் தொழில். இங்கே அதனைத் தவிர்க்கிறோம். ஆடுவதற்குத் தகுந்த நல்ல ஆட்டம் ஒன்றை அவர் செய்தார், அதுவே போதும்.

நம் பங்கில் பக்கவாதத்தால் வலக்கை விழுந்துபோன முதிய அம்மையார் ஒருவர் இதனை இடக்கை ஆள்காட்டி விரலால் ஆடுகிறார். "நாள் முழுக்க மோட்டுவளையையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன் சாமி. இப்ப ஏதோ ஒண்ணையாவது நானே முடிக்கிறேன்" என்றார். பிறர் ஊட்டி, பிறர் குளிப்பாட்டி, பிறர் புரட்டிப் படுக்கவைக்கும் வாழ்வில் 'நானே' என்னும் சொல்லின் எடையை அன்றுதான் உணர்ந்தோம். காய்கள் விழுந்த விதத்தால் சில அடுக்குகளை எவர் ஆடினாலும் முடிக்க இயலாது என்று அவரிடம் கூறினோம். "அப்படின்னா நான் தோத்தது எல்லாம் என் தப்பில்லையே!" என்று கோணிய வாயால் சிரித்தார்.

எல்லா ஆட்டத்தையும் நாம் பரிந்துரைப்பதாக எண்ண வேண்டாம். 2012-இல் கைப்பேசிக்கு வந்த கேண்டி க்ரஷ் சாகா என்னும் மிட்டாய் ஆட்டத்தில் ஆடுபவருக்கு ஐந்து 'உயிர்கள்'. அவை தீர்ந்தால் ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுக்காதவர் பணம் செலுத்தலாம். படுக்கையில் கிடப்பவரின் பொறுமையை விலைபேசும் இவ்வேற்பாடு நமக்கு உவப்பன்று. ஆதலின் வீட்டார், பணம் கேட்காத ஆட்டமாகப் பார்த்துப் போட்டுக்கொடுப்பது நல்லது. எழுத்துகளைப் பெரிதாக்கித் தாருங்கள். மருந்து கொடுக்க வருவோர், கையிலுள்ள இணையை அவர் எடுத்து முடிக்கும்வரை சற்றுப் பொறுக்கலாம்.