தங்காக் துணியும் தங்க எழுத்துச் சான்றிதழும்

தங்காக் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நம் தோட்டத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "துணிக்கடை" என்பார்கள். ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலாக்கா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறு பட்டணத்துக்குத் 'துணி நகரம்' என்றே ஒரு பெயர் உண்டு. கடைவீதியில் இறங்கி ஐந்தடிப் பாதையில் நடந்தால் வரிசையாகத் துணிக்கடைகள்தாம். தீபாவளியானாலும் நோன்புப் பெருநாளானாலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

பட்டணத்துக்கு அப்பால் குனோங் லேடாங் மலை நிற்கிறது. உயரம் 1,276 மீட்டர். அந்த மலையின் பெயரால்தான் இந்த வட்டாரம் லேடாங் என்று வழங்கி வந்தது. 2008-இல் தனி மாவட்டமாயிற்று. 2015-இல் மாவட்டத்தின் பெயர் தங்காக் என்று மாறியது. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனைதான் நிற்கிறது. மரம் மாறியது போலவே நம் பிள்ளைகள் தேடும் வேலையும் மாறிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

போன பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கத் தங்காக் போகவேண்டும் என்றார். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. என் மடிக்கணினி இரண்டு நாளாக உயிர் வராமல் கிடந்தது. அக்காவும், எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அவர் மகனும் என் பழைய காரில் ஏறிக்கொண்டார்கள்.

துணிக்கடையில் அக்கா துணி பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! அட்டையில் அச்சடித்திருந்த பெயரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டுப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நெசவு நெருக்கமா என்று பார்த்தார். விரலை ஈரமாக்கி ஓரத்தில் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். "அட்டை சாயம் போகாது வாத்தியாரே, துணிதான் போகும்" என்று சிரித்தார். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகுதான் கைப்பையைத் திறந்தார்.

பணத்தை எடுக்கும்போது கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாள். கணினி பழுதுபார்க்கும் தொழில்நுட்பருக்கான 'அனைத்துலக டிப்ளோமா', ஆறே மாதம், வேலை நிச்சயம், கட்டணம் 3,800 வெள்ளி.

"திங்கட்கிழமை முன்பணம் கட்டப் போறேன் வாத்தியாரே. பையனுக்கு ஆசையா இருக்கு" என்றார் அக்கா.

இருபது வெள்ளித் துணியை மூன்று விதமாகச் சோதித்தவர், 3,800 வெள்ளிக்குரிய தாளை ஒரு விதமாகவும் சோதிக்கவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடைவீதியின் கோடியில் ஒரு சிறிய கணினிக் கடை இருக்கிறது. வைத்திருப்பவர் என் பழைய மாணவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவரும் இதே போன்ற ஒரு தாளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் தாளைப் படித்தேன். ஆங்கிலம் நன்றாக இருந்தது, கட்டடத்தின் படம் பெரிதாக இருந்தது. "தாராளமாகச் சேர், தம்பி" என்று சொன்னேன். அவருடைய தாயார் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தார். ஆறு மாதத்தில் தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது. வேலைக்கு மனுப் போட்ட இடங்களில், "இது எந்த அமைப்பு அங்கீகரித்தது?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. சங்கிலி மீட்கப்படாமலே போயிற்று.

அந்தப் பையன் அதற்குப் பிறகு மூவாரில் ஒரு சீனரின் கடையில் சேர்ந்து, கூட்டிப் பெருக்குவதில் தொடங்கி, நான்கு வருஷம் தொழில் கற்றார். இன்று சொந்தக் கடை.

என் மடிக்கணினியை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "சார், உள்ளே இருக்கிற பரீட்சைத் தாள், படமெல்லாம் வேற எங்கேயாவது நகல் வெச்சிருக்கீங்களா?" பிறகு மின் இணைப்பைக் கழற்றினார். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் உள்ளே இருக்கும் சில்லுகளைக் கெடுத்துவிடும் என்பதால், அதை வெளியேற்றும் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். மூடியைத் திறந்து, நினைவக அட்டையை எடுத்து, அதன் முனையில் படிந்திருந்த அழுக்கைப் பள்ளிக்கூட அழிப்பானால் மெல்லத் துடைத்து, மறுபடி பொருத்தினார். உயிர் வந்துவிட்டது. இருபது வெள்ளிக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். பெரிய பழுது என்று சொல்லி இருநூறு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். எனக்கு என்ன தெரியும்?

அக்காவின் மகன் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். "அண்ணன் சான்றிதழை ஏன் சுவரில் மாட்டலே?" என்று கேட்டுவிட்டான்.

"அதைப் பார்த்தா அம்மாவோட சங்கிலிதான் ஞாபகம் வரும் தம்பி" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்து அவர் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தலை குனிந்தது.

அக்கா உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அப்போ சான்றிதழே வேணாம். இவர்கிட்டே வேலை கத்துக்கட்டும், போதும்!"

அன்பர்களே, இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் ஏடே வேண்டாம் என்பதும் தவறு. என் மாணவரே அதற்குச் சாட்சி. இரண்டு வருஷத்துக்கு முன் மூவாரில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பராமரிப்புக்கு ஆள் கேட்டார்கள். அந்த வேலை முழுவதும் அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் எஸ்.கே.எம். மூன்றாம் நிலை வேண்டும் என்றார்கள். நேர்முகத்துக்கே அழைப்பு வரவில்லை. முதலில் கையில் தாள் இருந்தது, தொழில் இல்லை. பிறகு தொழில் இருந்தது, தாள் இல்லை. இரண்டு தடவையும் கதவு சாத்தப்பட்டது.

எஸ்.கே.எம். என்பது சிஜில் கெமாஹிரான் மலேசியா, அதாவது மலேசியத் திறன் சான்றிதழ். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. இதை வழங்குகிறது. நாட்டில் தொழில் திறனைச் சோதித்துச் சான்று கொடுக்கும் முயற்சி 1971-இலேயே ஒரு வாரியமாகத் தொடங்கியது, 1989-இல் எம்.எல்.வி.கே. என்ற மன்றமாயிற்று, 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பின் இன்றைய துறையாக இயங்குகிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் ஆள் எதையெல்லாம் செய்யத் தெரிந்திருக்கவேண்டும் என்று தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. கணினித் துறைக்கும் இதில் இடம் உண்டு.

வெளிநாட்டுச் சான்றிதழ்களிலும் மதிப்புள்ளவை இருக்கின்றன. அமெரிக்காவின் கம்ப்டியா அமைப்பு 1993 முதல் நடத்திவரும் 'ஏ பிளஸ்' தேர்வு, பழுதுபார்ப்போருக்கென்றே ஏற்பட்டது. இரண்டு தாள், ஒவ்வொன்றும் தொண்ணூறு நிமிடம். முன்பெல்லாம் ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் செல்லும். 2011 முதல் தேறுகிறவர்களுக்கு மூன்று வருஷம்தான், பிறகு புதுப்பிக்கவேண்டும். காரணம் எளிது. தொழில் அவ்வளவு வேகமாக மாறுகிறது. என் கணினியில் கழற்றித் துடைத்த அதே நினைவகம், இன்று பல புதிய மடிக்கணினிகளில் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அழிப்பான் வைத்தியம் செல்லாது.

பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1990-களின் பிற்பகுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழுக்கு உலகமெங்கும் கிராக்கி. கேள்விகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் பலர், ஒரு கணினியைத் தொட்டுப் பார்க்காமலே வேலைக்கு வந்தார்கள். அவர்களைக் 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று கேலி செய்தார்கள். தாள் உண்மையானது, கைதான் வெறுங்கை.

லேடாங் மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இளவரசியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் கேட்டு ஆள் அனுப்பிய மலாக்கா சுல்தானிடம் அவள் பொன்பாலமும் வெள்ளிப்பாலமும் கேட்டாள். இன்னும் என்னென்னவோ நிபந்தனை போட்டாள். பெற்றோர்களே, பணம் கேட்டு வருகிறவர்களிடம் நாமும் நிபந்தனை போடுவோம். பொன்பாலம் வேண்டாம், ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று: இந்தச் சான்றிதழை வழங்குவது யார்? பயிற்சி நிலையமே அச்சடித்துக் கொடுப்பதா, வெளியே ஓர் அமைப்பு சோதித்துக் கொடுப்பதா?

இரண்டு: ஜே.பி.கே. அங்கீகாரம் இருந்தால், எந்தப் பாடத்துக்கு, எந்த நிலைக்கு, எந்தத் தேதி வரை? அங்கீகாரம் கட்டடத்துக்கு அல்ல. ஒவ்வொரு பாடத்துக்கும் நிலைக்கும் தனித்தனி. வேறு பாடத்துக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டிக் கணினிப் பாடத்துக்கு ஆள் சேர்த்தால் ஏமாந்துவிடக்கூடாது. துறையிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

மூன்று: பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் வேலை செய்வான்? பயிற்சி அறையைப் பாருங்கள். திறந்து கிடக்கும் கணினிகள் உண்டா, அல்லது வெறும் நாற்காலிகளா?

நான்கு: முன்பு படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள்? இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள்.

ஐந்து: மொத்தச் செலவு எவ்வளவு? தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் எஸ்.கே.எம். படிப்பவர்களுக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. மூலம் உதவி தேடலாம். ஆனால் அது கடன், திருப்பிக் கட்டவேண்டியது.

தனியாரிடம் போகுமுன் அரசாங்கக் கதவைத் தட்டிப் பாருங்கள். லேடாங்கின் பெயரிலேயே தொழிற்பயிற்சிக் கழகமும் சமூகக் கல்லூரியும் இருக்கின்றன. எந்தப் பாடம் எப்போது தொடங்கும் என்பதை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். ஒரு பஸ் கட்டணத்தில் முடியும் காரியம். பெரும்பகுதி வேலையிடத்திலும் மிச்சம் வகுப்பிலும் கற்பிக்கும் எஸ்.எல்.டி.என். முறையும் உண்டு.

ஏற்கெனவே தொழில் தெரிந்து, தாள் இல்லாமல் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அதன் பெயர் பி.பி.டி.; முன்பு பெற்ற திறமையை அங்கீகரிக்கும் முறை. வகுப்பில் உட்காரவேண்டியதில்லை. செய்த வேலைகளின் சான்றுகளை ஒரு கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் திறமையைக் காட்டினால் எஸ்.கே.எம். கிடைக்கும். பட்டறையிலும் தையற்கடையிலும் வருஷக்கணக்கில் உழைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பதும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான். அது என்னை வகுப்பறை வாசல் வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே போனபின் பாடம் நடத்தியது அந்தத் தாள் அல்ல. அதற்காக அந்தத் தாள் இல்லாமல் வாசலைத் தாண்டியிருப்பேனா? மாட்டேன்.

மாலையில் திரும்பும்போது மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அக்கா மடியில் துணிப்பொட்டலம். வெகுநேரம் பேசாமல் வந்தவர், "துணியைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும்னு சொல்றீங்க. அவ்வளவுதானே வாத்தியாரே?" என்றார். அவ்வளவுதான் என்றேன். திங்கட்கிழமை அவர் முன்பணம் கட்டவில்லை. மகனை அழைத்துக்கொண்டு அரசாங்கப் பயிற்சிக் கழகத்தில் விசாரிக்கப் போனார். இடம் கிடைக்கும்வரை சனிக்கிழமைதோறும் அவன் என் மாணவரின் கடையில் வேலை பழகுகிறான்.

நானும் சனிக்கிழமைகளில் தங்காக் போகிறேன். பி.பி.டி. கோப்புக்கு என் மாணவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக மலாயில் எழுதிக் கொடுக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தாளைச் சரியாகப் படிக்காமல் விட்ட வாத்தியார் செய்யவேண்டிய வேலைதான் அது.