பாதத்தைக் காட்டுங்க, பலகையைத் தர்றேன்!

குல்மார்க்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோப் காரில் ஏறி, பனி உருண்டை எறிந்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு ஸ்ரீநகர் திரும்பிவிடுவார்கள். இன்னொரு ஜாதி உண்டு. முதுகில் பலகையும் மண்வெட்டியுமாக, ரோப் கார் போகாத மலைக்கு நடந்தே ஏறி, யாரும் மிதிக்காத பனியில் சறுக்கி இறங்குகிற ஜாதி. அவர்கள் கையில் இருப்பதுதான் ஸ்ப்ளிட்போர்டு.

சமாசாரம் சிம்பிள். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. ஏறும்போது பிரித்துக் காலுக்கொன்றாக மாட்டினால் இரண்டு ஸ்கீ. அடியில் 'ஸ்கின்' என்று ஒரு ரோமப் பட்டையை ஒட்டுவார்கள். பூனை முதுகைத் தடவுகிற மாதிரி, முன்னால் வழுக்கும், பின்னால் சிலிர்த்துக்கொண்டு பிடிக்கும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்து, கொக்கி மாட்டினால் மறுபடி ஒரே பலகை. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து வோய்லே கம்பெனி 1990-களில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. ரம்பம் எடுத்து நல்ல போர்டை நடுவில் அறுத்து, கம்பெனி விற்ற கிட்டை மாட்டிக்கொண்ட புண்ணியவான்களும் உண்டு!

வாடகைக்குக் கொடுத்த காஷ்மீரி இளைஞர் என் உயரத்தைக் கேட்கவே இல்லை. "வெயிட் எவ்வளவு ஸாப்?"

"78 கிலோ."

"பையோட?"

பையையும் தராசில் வைத்தார். மண்வெட்டி, தண்ணீர், ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 10 கிலோ. மொத்தம் 88. அதற்குத்தான் நீளம் என்று 162 செ.மீ. போர்டை இறக்கினார். பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. பனி சுமக்கப்போவது நிகர எடையை அல்ல, மொத்த எடையை!

நீளம் கூடினால் தூள் பனியில் மிதக்கும், குறைந்தால் மூக்கு புதையும். 'அப்போ 170 எடுத்துடலாமே' என்று ஆசைப்படாதீர்கள். செங்குத்தான சரிவில் வளைந்து வளைந்து ஏறும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காலைத் தூக்கி ஸ்கீயை அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். நீளமான மூக்கு பனியில் மாட்டும், இல்லையென்றால் இன்னொரு காலை இடிக்கும். இறங்கும்போது கீழே ஃபிர் மரக்காடு வேறு. அங்கே சட்டென்று திரும்பாத போர்டு வேண்டாத விருந்தாளி.

அகலம்தான் நிஜமான வம்பு. சறுக்கும்போது பாதம் போர்டுக்குக் குறுக்கே நிற்கும். விரல் பக்கம் ரொம்ப வெளியே நீட்டினால், இறுகிய பனியில் சாய்ந்து திரும்பும்போது பூட்ஸ் உரசி ஆளைக் கவிழ்க்கும். நம்ம ஊர் 9-ஆம் நம்பர் கால் என்றால் நடு இடுப்பில் 25.5 செ.மீ. சுமாராகப் போதும். 10-ஐத் தாண்டினால் 26-க்கு மேல் பாருங்கள். ஒரே நம்பர் பூட்ஸ் கம்பெனிக்குக் கம்பெனி வெளி நீளத்தில் மாறும். கடைக்குப் போகும்போது பூட்ஸையும் எடுத்துப் போங்கள்.

சரி, எதற்கும் இருக்கட்டும் என்று அகலமாக வாங்கலாமா? கூடாது ஸார். பாதி போர்டே 13 செ.மீ. அகல ஸ்கீ. சரிவில் குறுக்கே நடக்கும்போது மலைப்பக்கத்து விளிம்பு மட்டும்தான் பனியைக் கடிக்கும். அது பாதத்திலிருந்து தள்ளிப் போகப் போக கணுக்கால் முறுக்கிக்கொள்ளும், பிடி நழுவும். அஃபர்வத் சிகரத்தில் காற்று அடித்து இறுக்கிய பனியில் அந்த நழுவல் தமாஷ் இல்லை. அதே மலையில் 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் உயிரிழந்தார்கள். பனிச்சரிவுக்கு எந்த சைஸ் போர்டும் பதில் இல்லை. எச்சரிக்கை இருக்கிற நாளில் டீ குடித்துக்கொண்டு கீழேயே இருங்கள்.

இப்போது 'குட்டையாக, அகலமாக' என்று ஒரு ஃபேஷன். வழக்கமான நீளத்தில் நாலைந்து செ.மீ. குறைத்து, அந்தப் பரப்பை அகலத்தில் சேர்க்கிறார்கள். ஆழமான பனியிலும் மரங்களுக்கு நடுவிலும் ஜோர்தான். ஆனால் நாள் முழுக்க ஏறுகிறவன், சின்னப் பாதக்காரன், இதற்கு மயங்குவது வீண் என்பது என் கட்சி.

கூட வந்த பேங்க் நண்பர் கேஸ் வேறு. ஆள் 62 கிலோ, பாதம் 11-ஆம் நம்பர்! நீளத்தில் ஒல்லிக்கணக்கு, அகலத்தில் பயில்வான் கணக்கு. கடைக்காரர் அவர் பூட்ஸைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். உள்ளே போய் 154 நீளம், 26.5 அகலத்தில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "இந்த ஃபேஷன் உங்களுக்காகத்தான் ஸாப் வந்தது!"

கூடவே அந்தப் போர்டுக்கென்று வெட்டிய ஸ்கின் ஜோடியையும் கையில் திணித்தார். என்னுடையதை அதில் ஒட்டிப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது.