கண்டால் வந்து சொல்லு

வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு வெடிபொருள் அபாயக் கல்வி சொல்லிக்கொடுக்கப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "கொண்டு வந்தனீங்களோ சேர்?" என்றுதான். பைக்குள் மிதிவெடியின் மாதிரி உருவம் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பின்வாங்கில் இருப்பவர்கள் அதைப் பார்க்க எழும்பியே நிற்பார்கள். நான் இப்போது அதைக் கடைசியில்தான் எடுக்கிறேன். சில வகுப்புகளில் எடுப்பதே இல்லை.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் மிதிவெடி ஒன்றைத் துடைத்து மேசையில் வைத்தால், பிள்ளையின் மனத்தில் பதிவது அந்தப் புதுமெருகுதான். இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்தது அப்படியா இருக்கும்? மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியின் பலகை உக்கிப்போயிருக்கும். எறிகணை கறல் பிடித்து, பழைய இரும்புக் கடைக்குப் போகும் துண்டுபோல் கிடக்கும். பாடத்தில் பார்த்ததுபோல் இல்லையே, இது வேறு ஏதோ என்று பிள்ளை எடுத்துவிட்டால் நான் படிப்பித்ததே ஆபத்தாகிவிடும். அதனால் பொருளைவிட இடத்தைத்தான் அதிகம் பேசுகிறேன். பழைய பங்கர், மண் அணை, முட்கம்பி, ஊரே சுற்றிப் போகும் பற்றை, சிவப்பு மண்டையோட்டுப் பலகை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியைக் கொப்பியில் கீறச் சொல்வேன். குறுக்குப் பாதைகள் எல்லாம் அந்தப் படத்தில் தானாக வெளியே வந்துவிடும்.

இடத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2000இல் ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்தபின் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியே ஓடிய முன்னரங்கு பல வருடம் அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்தன. போர் 2009 மே மாதத்தில் முடிந்தும், முகமாலை மண்ணை முழங்காலில் இருந்துதான் துப்புரவாக்க வேண்டியிருந்தது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017இல். அதன்படி எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டிய தவணை 2028 யூன்.

மிதிவெடி அகற்றப் போகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருப்பார்கள். ஒரு பெடியன் கேட்டான்: "என்ர அம்மா தொடுறாதானே, அவவுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" நல்ல கேள்வி. தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இதற்குப் பதில் இல்லை. அம்மா முகக்கவசம் போட்டு, கருவியால் தேடி, அடையாளமிட்ட ஒழுங்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்குவதையும், பக்கத்தில் மருத்துவ உதவியாளர் ஆயத்தமாக நிற்பதையும் அவனையே விசாரித்து வந்து வகுப்புக்குச் சொல்லச் சொன்னேன். அன்று நான் பேசியதைவிட அவன் பேசியதைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள்.

போர் முடிந்தபின் மெனிக் பாம் அகதிமுகாமிலிருந்து ஊர் திரும்பிய பிள்ளைகளுக்குப் படிப்பித்தது வேறு விதம். எறிகணை கூவும் சத்தத்திலேயே அது தலைக்கு மேலால் போகுமா, கிட்ட விழுமா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். "எங்களுக்குத் தெரியும்" என்ற நினைப்புத்தான் அவர்களுக்கு ஆபத்து. இப்போது முன்னால் இருப்பவை போரைக் காணாத பிள்ளைகள். இவர்களைப் பயமுறுத்தலாம், அது சுலபம். கால் போன படங்களைக் காட்டினால் வகுப்பு அடங்கிவிடும். ஆனால் வெருண்ட பிள்ளை ஓடும். பற்றைக்குள் ஏதோ கிடப்பதைக் கண்டதும் ஓடுவதைப்போல் கெட்ட காரியம் வேறில்லை. ஆகவே நிற்கப் பழக்குகிறோம். முற்றத்தில் ஓடவிட்டு, கைதட்டியதும் கால் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும், சத்தம்போட்டு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும், பெரியவர்கள் வரும்வரை அசையக்கூடாது. காதுக்குச் சொன்னது மறக்கும், கால் பழகியது நிற்கும்.

மிகவும் கடினமானது வேறொன்று. கூட வந்தவன் அடிபட்டு விழுந்து கத்தும்போது அவனிடம் ஓடக்கூடாது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு எதிர்ப்பு எழும். எழத்தான் வேண்டும். விழுந்தவனைத் தூக்கு என்றுதான் வீட்டிலும் கோயிலிலும் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஓடாமல் நின்று ஆளைக் கூப்பிடுவதும் தூக்குவதுதான் என்று சின்னப் பிள்ளைக்கு விளங்கவைக்க ஒரு பாடவேளை போதாது. மிதிவெடி அபாயத்தைச் சொல்ல 1996இல் பொஸ்னியாப் பிள்ளைகளுக்காக அச்சிட்ட சித்திரக்கதை ஒன்றில் சூப்பர்மேன் பறந்து வந்து சிறுவர்களைக் காப்பாற்றுவார். தூக்கிப்போக ஒருவர் வருவார் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்களே என்று அப்போதே கண்டனம் எழுந்தது. என் வகுப்புக் கதைகளில் வீரர்களே கிடையாது.

தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல்லு. இந்த மூன்றில் முதல் இரண்டையும் எந்தப் பிள்ளையும் ஒப்புவிக்கும். ஏப்ரல் 4, மிதிவெடி விழிப்புணர்வு நாளில் பேச்சுப்போட்டி வைத்தால் பரிசும் வாங்கும். மூன்றாவதில்தான் சறுக்குகிறது. சாமானைக் கண்ட இடம் பெரும்பாலும் போகக்கூடாத இடம். மாடு தேடி, விறகு பொறுக்கி, பந்தைத் துரத்திப் போயிருப்பான். வந்து சொன்னால் முதலில் கிடைப்பது அடி. ஒருமுறை வாங்கியவன் அடுத்தமுறை வாய் திறக்கமாட்டான். கல்லெறிந்து பார்ப்பான், அல்லது இரும்பென்று எடுத்து ஒளிப்பான். வளர்ந்தவர்களும் அப்படித்தானே? காணி துப்புரவாக்கும்போது அகப்பட்டதைக் கிணற்றுக்குள் போடுகிறோம். என்ன இருக்கிறதென்று பார்க்காமல் அதே இடத்தில் குப்பை கூட்டிக் கொளுத்துகிறோம். பிள்ளை நான் படிப்பித்ததைவிட அதைத்தான் பார்த்துப் படிக்கிறது.

என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் பாதியைப் பெற்றோருக்கே நடத்த வேண்டும். சில ஊர்களில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பின் நடத்துகிறோம். தாய்மார் வருகிறார்கள், தகப்பன்மார் அருமை.

பிள்ளை வந்து "ஒரு சாமான் கண்டனான்" என்றால் அடிக்காதீர்கள். "அங்க ஏன் போனனீ?" என்பதை நாளைக்குக் கேளுங்கள். இடத்தைத் தூர நின்றே காட்டச் சொல்லி, அன்றைக்கே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். எடுத்துப்போக ஆட்கள் வரும்வரை, அதே வழியால் போகும் மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.