பாஸ்காவும் பாத்திரமும்

பண்டிகை என்றால் செலவு இருக்கத்தான் செய்யும். புத்தாடை, பலகாரம், விருந்தினர் வருகை என எல்லாச் சமயத்தாரும் அறிந்த செலவுதான் அது. ஆனால், ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் பயன்படுத்துவதற்கென்றே தனிப் பாத்திரங்களை வைத்திருக்கவேண்டிய பண்டிகையும் உண்டு. அதுதான் யூதர்கள் கொண்டாடும் பாஸ்கா. எபிரேய மொழியில் அதனைப் 'பெசாக்' என்பர்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் பண்டிகை இது. மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் வரும். அவர்கள் எகிப்தைவிட்டுப் புறப்பட்டபோது, பிசைந்த மாவு புளித்துப் பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. அதன் நினைவாக, பாஸ்கா நாள்களில் புளித்த மாவால் ஆன உணவை யூதர்கள் உண்பதில்லை. வீட்டில் வைத்திருப்பதும் இல்லை. இஸ்ரேலில் ஏழு நாள், பிற நாடுகளில் எட்டு நாள் இக்கட்டுப்பாடு நீடிக்கும். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்திற்குள் சுட்டு எடுக்கப்படும் 'மாட்ஸா' என்னும் தட்டையான அப்பமே அந்நாள்களில் ரொட்டிக்கு ஈடாகும்.

கட்டுப்பாடு உணவோடு நின்றுவிடுவதில்லை. சூடான பாத்திரம், தன்னுள் சமைத்த உணவின் சுவையை உறிஞ்சிக்கொள்ளும் என்று யூதச் சமயச் சட்டம் கருதுகிறது. ஆகவே, ஆண்டு முழுவதும் ரொட்டியும் நூடல்ஸும் தொட்ட சட்டி, கரண்டி, தட்டு ஆகியவற்றைப் பாஸ்காவின்போது அப்படியே பயன்படுத்த முடியாது. மேலும், சமய விதிகளைக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் இறைச்சிக்கும் பால் உணவுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கு இரண்டு தொகுதிகள். பாஸ்காவுக்கு மேலும் இரண்டு தொகுதிகள். முதன்முறையாகப் பாஸ்கா விருந்து படைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய சுமையன்று.

சிங்கப்பூரிலும் யூதச் சமூகம் ஒன்று நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. பாக்தாத்தை வேராகக் கொண்ட அவர்களுள் பலர், 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா வழியாக இங்கு வந்தனர். வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கும் மகேன் அபோத் தொழுகைக்கூடம் 1878இல் திறக்கப்பட்டது. 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டேவிட் மார்ஷலும் இச்சமூகத்தைச் சேர்ந்தவரே.

இச்சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி, அடுக்குமாடி வீடு ஒன்றில் வசிக்கின்றனர். மனைவியின் தாயார்தான் ஆண்டுதோறும் பாஸ்காவின் முதலிரவு விருந்தைத் தம் வீட்டில் நடத்திவந்தார். 'செடர்' எனப்படும் அவ்விருந்தில் பன்னிரண்டு பேர் கூடுவர். தனியாக வாழும் முதியவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர் இருவர் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். பின்னர்ப் பெற்றோர், மகனோடு வாழ மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தனர். பாஸ்காப் பாத்திரங்கள் அடங்கிய பெட்டிகளும் அவர்களுடன் கப்பலேறின. விருந்து நடத்தும் பொறுப்பு மகளிடம் வந்து சேர்ந்தது.

கணவனும் மனைவியும் உட்கார்ந்து பட்டியல் போட்டனர். இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிச் சட்டிகள், இரண்டு வகைத் தட்டுகள், வேலைப்பாடு மிக்க கண்ணாடிக் குவளைகள், வெள்ளியாலான செடர் தட்டு எனப் பட்டியல் நீண்டது. கூட்டிப் பார்த்தால் 1,180 வெள்ளி! அவர்களால் ஒதுக்க முடிந்ததோ 400 வெள்ளிதான். "பன்னிரண்டு பேரை ஆறு பேராகக் குறைத்துவிடலாமா?" என்ற எண்ணம் மகளுக்கு எழுந்தது. யாரை விடுவது? உறவினரை விட முடியாது. முதியவரையும் மாணவர்களையும்தான் விடவேண்டிவரும். ஆனால், அன்றிரவு போவதற்கு வேறு வீடு இல்லாதவர்கள் அவர்கள்தாம்.

தொலைபேசியில் இதைக் கேட்ட தாயார், "தட்டைக் குறைத்துக்கொள், அம்மா. ஆளைக் குறைக்காதே," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் அவர்கள் பட்டியலை வேறு விதமாகப் பார்த்தனர். எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னர், எது இல்லாமல் முடியும் என்று கேட்டனர். எட்டு நாளும் பால் உணவு சமைப்பதில்லை என முடிவு செய்தனர். பட்டியலில் ஏறக்குறையப் பாதி மறைந்தது. செடர் தட்டு வெள்ளியால் ஆனதாக இருக்கவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. கசப்புக் கீரை, வேகவைத்த முட்டை, பேரீச்சம்பழப் பாகும் வால்நட் பருப்பும் கலந்த இனிப்பு முதலியவற்றைத் தாங்க ஒரு பெரிய தட்டு இருந்தால் போதும். விருந்தில் ஒவ்வொருவரும் நான்கு முறை திராட்சை ரசம் அருந்தவேண்டும். அதற்கு நான்கு குவளைகள் தேவையில்லை; ஒரே குவளையை நான்கு முறை நிரப்பலாம்.

அடுத்து, இருப்பதைக்கொண்டு எதைச் சமாளிக்கலாம் என்று தங்கள் ராபியிடம் கேட்டனர். யூதச் சமய ஆசிரியரை ராபி என்பர். எவர்சில்வர் பாத்திரத்தை நன்கு தேய்த்துக் கழுவி, 24 மணிநேரம் பயன்படுத்தாமல் வைத்து, பின்னர்க் கொதிக்கும் நீரில் முழுவதுமாக மூழ்கவைத்து எடுத்தால், அது பாஸ்காவுக்குத் தகுதி பெறும். இப்படியே கரண்டிகளும் முட்கரண்டிகளும் இரண்டு சட்டிகளும் தேறின. பீங்கானுக்கும் மண்பாண்டத்துக்கும் இம்முறை பொருந்தாது. கண்ணாடியைப் பொறுத்தவரை மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. ஐரோப்பிய மரபினருள் பலர் அன்றாடக் கண்ணாடிப் பாத்திரங்களைப் பாஸ்காவுக்குப் பயன்படுத்துவதில்லை. மத்தியக் கிழக்கு மரபினருள் பலரோ நன்றாகக் கழுவிப் பயன்படுத்துகின்றனர். எனவே, வீட்டில் இருந்த குவளைகளே போதும் என்றாயிற்று. மடக்கு நாற்காலிகளை அண்டை வீட்டார் இரவல் தந்தனர்.

வாங்கவேண்டியவை மட்டும் எஞ்சின. பெரிய சமையல் பானை 80 வெள்ளி, வாணலி 45, அடுமனைத் தட்டுகள் இரண்டு 30, கத்திகளும் காய் நறுக்கும் பலகைகளும் 40, வடிகட்டி, துருவி, அகப்பை முதலியவை 35. தலா 4 வெள்ளி விலையுள்ள 24 சாதாரணத் தட்டுகள் 96 வெள்ளி. மொத்தம் 326 வெள்ளி. ஆண்டுக்கு எட்டு நாள் மட்டும் புழங்கும் பொருள்கள் விரைவில் தேய்வதில்லை. பத்து ஆண்டுகள் உழைத்தால், ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு 33 வெள்ளிகூட இல்லை. பால் உணவுக்கான தொகுதியை வருங்காலத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாஸ்காப் பாத்திரச் செலவைப் பற்றிய கவலை இன்று தோன்றியதன்று. யூதர்களின் சட்ட நூலாகிய தல்மூத்தில் அதைக் காட்டும் செய்தி ஒன்று உள்ளது. அக்காலத்தில் பலரும் மண்பானைகளில் சமைத்தனர். புளித்த உணவு சமைத்த மண்பானையைத் தூய்மையாக்க வழியில்லை. ஆகவே, பாஸ்காவின்போது அதனை உடைத்துவிடவேண்டும் என்ற கருத்து நிலவியது. மக்கள் எப்படியும் புதுப்பானை வாங்கித்தான் ஆகவேண்டும் அல்லவா? மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ஷ்முவேல் என்னும் அறிஞர், பானை வணிகர்களை எச்சரித்தார். நியாயமான விலைக்கு விற்காவிட்டால், பழைய பானைகளை உடைக்கத் தேவையில்லை, பாஸ்கா முடிந்தபின் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை ஊரறியப் போதிக்கப்போவதாகக் கூறினார். சமய விதியைக் காட்டி எளியவரின் பணப்பையைச் சுரண்டுவதை அவர் ஏற்கவில்லை.

ஏழையும் அன்றிரவு நான்கு குவளை திராட்சை ரசம் அருந்தவேண்டும். அதற்கு வழியில்லை என்றால் சமூகம் அதனைக் கொடுக்கவேண்டும் என்பதும் பழைய விதியே. பாஸ்காவுக்கு முன்னர் வசதியற்றோருக்காக நிதி திரட்டும் வழக்கமும் தொடர்கிறது. மாட்ஸா செய்யக் கோதுமை வாங்கித் தருவதற்காகத் தொடங்கியதால், அதற்குக் 'கோதுமைப் பணம்' என்று பெயர். இளம் தம்பதியிடம் மீந்த 74 வெள்ளி அந்த நிதிக்குச் சென்றது.

செடர் விருந்தின் தொடக்கத்தில், பசித்தவர் யாராயினும் வந்து உண்ணலாம் என்று அழைப்பு விடுக்கப்படும். அந்த அழைப்பு வெறும் சொல்லாக நின்றுவிடாமல் இருக்க, மேசையில் இடம் இருக்கவேண்டும். வரவு செலவுத் திட்டம் என்பது கஞ்சத்தனம் அன்று. எதற்காகச் செலவு செய்கிறோம் என்பதை மறவாமல் இருப்பதற்கான வழி அது. தட்டுகள் ஒரே மாதிரி இல்லையே என்று விருந்தினர் வருந்துவதில்லை. தமக்கென ஒரு தட்டு வைக்கப்பட்டிருந்ததையே அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.