பம்ப் பட்டறையில் இரண்டு தலைமுறை டீசல்

நாமக்கல்லில் சேலம் சாலை ஓரமாக நடந்தால், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்கு இடையிடையே 'டீசல் பம்ப் - நாசில் சர்வீஸ்' என்ற பலகைகள் கண்ணில் படும். இன்ஜினை இறக்கிப் பிரிக்கும் மெக்கானிக் வேறு, இவர்கள் வேறு. வண்டியிலிருந்து பம்பையும் நாசிலையும் மட்டும் கழற்றிச் சாக்குப்பையில் போட்டு இங்கே கொண்டுவருவார்கள். அவற்றைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அளந்து, சீல் வைத்துத் திருப்பிக் கொடுப்பது இவர்கள் வேலை. லாரியும் டிராக்டரும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும்தான் முக்கிய வருமானம். கார்களும் நிறையவே வருகின்றன.

தினசரி ஓட்டத்துக்குப் பழைய டீசல் கார் நல்லதா, புதியது நல்லதா என்று ஷோரூமில் கேட்டால் ஒரு பதில் வரும். இன்னும் குவாலிஸ் வைத்திருப்பவரைக் கேட்டால் நேரெதிர்ப் பதில் வரும். இரண்டு தலைமுறை இன்ஜின்களின் உறுப்புகளையும் ஒரே மேசையில் பிரித்துப் பார்க்கிறவர்களிடம் கேட்கலாம் என்றுதான் இந்தப் பட்டறைகளில் ஒன்றுக்குப் போனேன்.

பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பையனாக இந்த வேலைக்கு வந்தவர். பெங்களூரில் பம்ப் தயாரிக்கும் மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவர் வாயில் அது இன்னும் மைக்கோதான். முன்பக்கக் கூடத்தில் பழைய வேலை நடக்கிறது. பின்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட, ஏ.சி. ஓடும் சிறிய அறை. அங்கே அவர் மகன் புது வண்டிகளின் இன்ஜெக்டர்களைப் பார்க்கிறார்.

நான் போன நேரத்தில் ஒரு பழைய இண்டிகாவின் நாசில்கள் வந்திருந்தன. ஒன்றை எடுத்து கை டெஸ்டரில் மாட்டினார். "சத்தத்தைக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை மெதுவாக அழுத்தினார். கேஜ் முள் ஏறிக்கொண்டே போய் நூற்றுச் சொச்சம் பாரில் ஒரு கணம் நின்றது. 'கிர்ர்' என்ற அறுப்புச் சத்தத்தோடு டீசல் சாம்பிராணிப் புகைபோல விரிந்து அடங்கியது. விரலால் நாசில் முனையைத் தொட்டுக் காட்டினார், உலர்ந்திருந்தது. அடுத்த நாசிலில் சத்தம் மந்தமாக வந்தது. அடித்து முடித்ததும் முனையில் ஒரு துளி திரண்டு தொங்கியது. "இந்தச் சொட்டுதானுங்க கரும்புகை. இதுதான் மைலேஜைத் தின்னுது." ஊசியும் அதன் கூடும் சேர்ந்து தேய்ந்திருந்ததால் இரண்டையும் ஜோடியாக மாற்றச் சொன்னார். அடிக்கும்போது முன்னால் கை நீட்டிய உதவியாளரை அதட்டினார். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்திய அடையாளம்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

பிறகு ஒரு லாரி பம்பின் எலிமென்டைக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு பிளஞ்சர், அது ஓடுவதற்கு ஒரு பேரல். இரண்டையும் சுத்தமான டீசலில் நனைத்து, சாய்வாகப் பிடித்து, பிளஞ்சரைக் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டார். அது தன் எடையிலேயே நிதானமாக உள்ளே வழுக்கி இறங்கியது. சர்ரென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது, பாதியில் நின்றால் உள்ளே கீறல் அல்லது அழுக்கு. இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை.

இண்டிகா, குவாலிஸ் காலத்து இன்ஜின்களை இவர்கள் 'பிரீ சேம்பர்' என்கிறார்கள். டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் உள்ள சின்ன அறையில் பீய்ச்சப்பட்டு, அங்கே தீப்பிடித்து, பிறகு பிஸ்டன் மேல் பாயும். அறைச் சுவர் சூட்டைக் குடித்துவிடுவதால் கம்ப்ரெஷன் அதிகம் வேண்டும், காலையில் ஹீட்டர் பிளக் பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும், மைலேஜும் குறையும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் இன்ஜின் ஏறக்குறைய 15 விழுக்காடு டீசலை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பழையதில் எல்லாமே இயந்திர இணைப்பு. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை பம்புக்குள் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குமே முடிவுசெய்யும். ஸ்டார்ட்டர் சுற்றாத அளவுக்கு பேட்டரி இறங்கிவிட்டாலும் நாலு பேர் தள்ளினால் வண்டி கிளம்பும். டேங்க் காலியாகி ஏர் பிடித்துவிட்டால் ஒரு ஸ்பானரோடு நட்டை இளக்கி ஏர் எடுத்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம்.

கண்ணாடி அறைக்குள் செருப்போடு போக அனுமதி இல்லை. முன்கூடத்தில் எல்லார் கையிலும் இருக்கும் பனியன் வேஸ்ட்டும் உள்ளே வரக் கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு நூலிழை இன்ஜெக்டரை அடைத்துவிடப் போதும். மகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவர். மேசையில் இருந்தது 1248 சி.சி. மல்டிஜெட் இன்ஜினின் இன்ஜெக்டர். ஃபியட் உருவாக்கிய இந்த இன்ஜின் 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. டிசையர், எர்டிகா, இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று கம்பெனி வேறுபாடு இல்லாமல் ஓடியது. இன்றைக்கும் பட்டறைக்கு வரும் கார்களில் பாதி இதுதான் என்றார்.

இதில் ஒரே பம்ப் டீசலை 1,600 பார் வரை அழுத்தி, எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ரெயில் குழாயில் நிறைத்து வைக்கிறது. எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. துளை ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். பெரிய பீய்ச்சலுக்கு முன்னால் ஒரு சிறு பீய்ச்சல் போவதால் பழைய டீசலின் 'டகடக' தட்டல் அடங்கிவிட்டது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு பொறித்திருக்கிறது. எந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடக்குறைய அடிக்கும் என்ற கணக்கு அது. பல வண்டிகளில் புது இன்ஜெக்டர் மாட்டினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் இன்ஜின் ஓடும், ஆனால் உதறலோ புகையோ எங்காவது தெரிந்துவிடும்.

மிஸ்ஸிங் என்று வந்த ஒரு டிசையரை வாசலிலேயே சோதித்துக் காட்டினார். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் சின்ன டியூப் மாட்டி, நாலு பாட்டிலைத் தொங்கவிட்டு, இன்ஜினை ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் டீசல் ஒரே மட்டத்தில் மெல்ல ஏற, மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் அவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்துவிட்டது. உள்வால்வ் தேய்ந்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய அழுத்தம் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் பொதுவாக 'ரெயில் அழுத்தம் குறைவு' என்று மட்டும் சொல்லியிருந்தது. எந்த இன்ஜெக்டர் என்று சொன்னவை அந்த பாட்டில்கள்தான்.

எரிபொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதில்தான் இரண்டு தலைமுறைக்கும் பெரிய வேறுபாடு. பம்புக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெய் டீசலேதான். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பழைய பம்ப் முதலில் முணுமுணுக்கும், பிக்கப் குறையும், வாரக்கணக்கில் எச்சரிக்கை கொடுக்கும். புதிய பம்ப் சுரண்டத் தொடங்கினால் உலோகத் துகள் ரெயில் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போய்விடும். அப்புறம் பம்ப், ரெயில், நாலு இன்ஜெக்டர் என்று மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றாமல், தண்ணீர் விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியவர்களின் இன்ஜெக்டர்கள் அந்த அறையின் ஓரத்தில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. சில நூறு ரூபாய் ஃபில்டரில் மிச்சம்பிடித்தவர்கள் அவர்கள்.

ஓட்டும்போது எப்படி? கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறது, எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு. டர்போ இல்லாத பழைய இண்டிகாவில் ஐந்து பேரும் சாமானும் ஏறினால் ஏ.சி.யை நிறுத்திவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். வேகம் வராது, ஆனால் மிதித்த அளவுக்கு உடனே இழுக்கும். ஸ்விஃப்ட் டீசல் நேர் ஏற்றத்தில் பறக்கும். கொண்டை ஊசியில் இரண்டாம் கியரில் திரும்பும்போது 2,000 சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் டர்போ ஓய்ந்து, வண்டி சோர்ந்து நிற்கும். முதல் கியருக்கு வந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்ட் நெரிசலிலும் இதே கதைதான். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஊர்கிறவர்கள் ஏராளம், அதனால் கிளட்ச் தேய்கிறது. நான்கு வழிச்சாலையில் மூன்றாவது கியருக்கு மேல் போய்விட்டால் பழையது புதியதற்குப் பக்கத்திலேயே வர முடியாது. லாரியைத் தாண்டும்போது கிடைக்கும் அந்த இழுவை வெறும் சொகுசு இல்லை, உயிருக்குப் பாதுகாப்பு.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு கதை இன்னொரு திருப்பம் கண்டது. மாருதி டீசல் காரையே கைவிட்டது. மற்றவர்கள் தயாரித்த டீசல் கார்களில் புகைபோக்கியோடு டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி சேர்ந்தது. சேரும் கரியை அது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றித் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அன்று பட்டறைக்கு வந்திருந்த ஓர் ஆசிரியரின் வண்டிக்கு அது கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர், திரும்ப அதே தூரம். ஒவ்வொரு தடவையும் எரிப்பு தொடங்கும், அதற்குள் அவர் சாவியை அணைத்துவிடுவார். எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தது. அவரோ, ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ச்சியாக இருந்திருக்கிறார்.

மகன் ஸ்கேனரை மாட்டி, வண்டி நின்ற இடத்திலேயே கரியை எரிக்க வைத்தார். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொன்னார். "அந்தக் கரி வடிகட்டியைக் கழட்டிப் போட்டுட்டு புரோகிராமை மாத்திவிடுறாங்களாமே, நீங்களும் பண்ணித் தாங்களேன் தம்பி" என்று ஆசிரியர் கேட்டார். "பண்ண மாட்டேனுங்க சார். பள்ளிக்கூட வாசல்லதான் வண்டியை நிறுத்தறீங்க" என்று மகன் சொன்னார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. பழைய இன்ஜினின் எளிமையைப் பாராட்டும்போது அதன் பின்னால் நடந்தவர்கள் சுவாசித்ததை மறப்பது நியாயமில்லை. பட்டறைக்காரரே வருடக்கணக்கில் அந்தப் புகைக்குள் வேலை பார்த்தவர். முன்கூடத்து எக்ஸாஸ்ட் ஃபேனை மகன் வற்புறுத்திய பிறகுதான் மாட்டியிருக்கிறார்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் இது. தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி திறந்த சாலை என்றால் புதிய டீசல் எடுங்கள், ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊருக்குள் மட்டும் ஓட்டம் என்றால் புதிய டீசல் உங்களுக்கு வேண்டாம், பெட்ரோல் போதும். கையில் பழையது நல்ல நிலையில் இருந்தால் நாசிலையும் டைமிங்கையும் சரியாக வைத்துக்கொண்டு, புகை இல்லாமல் ஓட்டுங்கள். பதிவு 15 ஆண்டில் முடிந்தாலும் நம் ஊரில் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ஆனால் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போவதற்கு, ஏர்பேக் இல்லாத அந்தக் காலத்து உடம்பை நம்பி அதையே தேடிப்பிடித்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் மகனிடம், புது வேலையில் எது கஷ்டம் என்று கேட்டேன். கருவிகளின் விலையை அவர் இரண்டாவதாகத்தான் சொன்னார். முதலில் சொன்னது இன்ஜெக்டர்களின் அளவுப் பட்டியல்களை. அவை எல்லாம் கம்பெனி சர்வீஸ் மையங்களோடு நின்றுவிடுகின்றன. சிறு பட்டறைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, தாங்களே பட்டியல் தயாரித்துக்கொள்கிறார்கள். மையத்தில் மொத்தமாக மாற்றச் சொல்லும் இன்ஜெக்டரை ஒரு வால்வ் செட்டோடு சரிசெய்யக் கூடியவர்கள் இவர்கள். அந்த அளவுகள் இவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தால் பழுதோடு புகைவிட்டு ஓடும் வண்டிகள் சாலையில் குறையும். பழைய டெஸ்ட் பெஞ்சை விற்றுவிடுவீர்களா என்றும் கேட்டேன். அப்பாதான் பதில் சொன்னார்: "எதுக்குங்க விக்கறது? டிராக்டரும் போர் வண்டியும் இருக்குதே. பையனுக்கும் அதுலதான் முதல்ல வேலை கத்துக் குடுத்தேன். புதுசா வர்ற பசங்களுக்கும் அதுலதான் ஆரம்பிக்கறோமுங்க."