ஒன்றுக்குப் பிறகு பத்து வந்தால் அதிரசம் என்னாகும்?

ஒன்றுக்கு அடுத்து என்ன என்று கேட்டால், எல்.கே.ஜி குழந்தைகூட ‘ரெண்டு’ என்று சொல்லிவிடும். பென் டிரைவைச் செருகிப் படம் பார்க்கும் சில டிவிக்களோ ‘பத்து’ என்று சொல்லும்!

1, 10, 11, 12... என 19 வரை வந்த பிறகுதான் 2 வரும். காரணம், அவை ஃபைல் பெயரை எண்ணாகப் படிப்பதில்லை. அகராதியில் வார்த்தைகளை அடுக்குவதுபோல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடுக்குகின்றன. 10-ன் முதல் எழுத்து 1. அதனால் அது 2-ஐ முந்திக்கொள்கிறது.

‘இதிலென்ன நஷ்டம்?’ என்று தோன்றலாம். சேலத்தில் இருக்கும் ஓர் அக்காவுக்கும் கோவையில் இருக்கும் தம்பிக்கும் அது ஒரு தீபாவளியில் தெரிந்தது.

அம்மா அதிரசம் சுடுவதைப் பேத்தி போனில் எடுத்துவைத்த வீடியோ அவர்களிடம் இருந்தது. அம்மா இப்போது இல்லை. மாவுக் கையோடு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது கஷ்டம் என்று, அக்கா அதிலிருந்து 24 ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். 1, 2, 3 என்று பெயர் வைத்து, பென் டிரைவில் போட்டுத் தம்பிக்குக் கொடுத்தார். லேப்டாப்பில் எல்லாம் வரிசையாகத்தான் தெரிந்தன. இன்றைய விண்டோஸ், எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கிவிடும். தம்பி வீட்டு டிவியில்தான் வரிசை கலைந்தது.

அரிசி ஊறுவதும் எண்ணெயில் பொரிவதும் இடம் மாறினால் பார்த்ததும் தெரிந்துவிடும். பாகு அப்படியல்ல. அம்மா மூன்று முறை பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார். அவை 8, 9, 10-வது படங்கள். மூன்றிலும் அதே கிண்ணம், அதே விரல்கள். உருட்டினால் நிற்கும் பதம் 10-ல்தான் இருக்கிறது. டிவியிலோ அது முதலிலேயே வந்துவிட, கடைசியாக வந்தது 9. அதுதான் சரியான பதம் என்று தம்பி பாகை இறக்கிவிட்டார்.

மாவை ஊறவைத்து, தீபாவளிக்கு முதல் நாள் எண்ணெயில் போட்டபோது அதிரசம் பிரிந்து போனது.

“என்னக்கா, அம்மா செஞ்ச மாதிரியேதானே செஞ்சேன்?”

“கடைசிப் படம் எது வருதுன்னு சொல்லுடா.”

“பாகு படம்தான்.”

அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. 01, 02 என்று முன்னால் பூஜ்ஜியம் சேர்த்தார். எல்லா எண்ணும் இரண்டு இலக்கம் ஆனதும் வரிசை சரியானது. ஆனால், ஏலக்காயும் சுக்கும் போடும் படத்தை எடுக்கவே இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தார். அதற்கு 25 என்று பெயர் வைத்தால் கடைசிக்குப் போய்விடும். நடுவில் நுழைக்க வேண்டுமென்றால், அதன் பிறகு வரும் அத்தனை பெயரையும் மாற்ற வேண்டும்.

இதற்கு எளிய வழி, வீடியோவில் ஓடும் நேரத்தையே பெயராக வைப்பது. 21-வது நிமிடம் 40-வது விநாடியில் வரும் காட்சிக்கு ‘00-21-40 ஏலக்காய் சுக்கு’. மணி, நிமிடம், விநாடி, அப்புறம் விளக்கம். விடுபட்ட படத்தை எப்போது எடுத்தாலும் தன் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் முக்காற்புள்ளி போட முடியாது. அதனால் நடுவில் சிறு கோடு போதும்.

போனோ, வி.எல்.சி பிளேயரோ தானாக வைக்கும் பெயரை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்த தேதியும் நேரமும்தான். வீடியோவில் அந்தக் காட்சி வரும் நேரம் அல்ல.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் கைப்பக்குவம் ஏதாவது வீடியோவாக இருந்தால், இந்த வாரமே படமாக எடுத்துப் பெயர் வையுங்கள். பிறகு பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முறை காட்டுங்கள். எந்தப் பாகு எந்தப் பதம் என்று அவர் சொல்லச் சொல்ல, பெயரோடு எழுதிவிடலாம்.