செல்லூர்த் தறியும் விற்கப்படாத வரைபடமும்

மதுரை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வைகையின் தென்கரையோடு நின்றுவிடுகிறார்கள். பாலம் தாண்டி வடக்கே வந்தால் செல்லூர். தெருவிலேயே தறிச் சத்தம் கேட்கும். ஒரு தறியின் அருகே நின்று பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்ததும் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, விழுதிலும் அச்சிலும் கோத்து, முடிந்து, மறுபடி ஓடவிடுகிறார். சேலையின் மாதிரியை யாரும் படியெடுத்துவிடலாம். அந்த விரல்களின் பழக்கத்தைப் படியெடுக்க முடியாது. இஸ்ரோ உளவு வழக்கை விசாரித்தவர்கள் இந்தத் தெருவில் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இதே ஊரின் தெற்குக் கோடியில், திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர்தான் அந்த வழக்கில் சிக்கிய இஸ்ரோ பொறியாளர் நம்பி நாராயணன். ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் வழியாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்று 1994 நவம்பர் 30 அன்று கைதானார். 50 நாள் சிறையில் இருந்தார். விற்றதாகச் சொல்லப்பட்டதில் முக்கியமானது கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பம். அது அன்றைக்கு நம்மிடமே இல்லை. 1991இல் தருவதாக ஒப்பந்தம் போட்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் 1993இல் பின்வாங்கியிருந்தது. வரைபடம் கைமாறினாலே ஆபத்துதானே என்று கேட்கலாம். பிரான்ஸ் தன் எஞ்சின் நுட்பத்தைத் தர 1974இல் ஒப்பந்தம் போட்டு, நம் பொறியாளர்களைத் தன் கூடத்திலேயே வேலை செய்யவிட்டது. அப்படியிருந்தும் அதை வைத்து நாம் செய்த விகாஸ் எஞ்சின் முதல் சோதனைக்கு வர 1985 ஆயிற்று. சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வென்றது 2014 ஜனவரியில்தான். காகிதக் கட்டால் ராக்கெட் பறக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1996இல் சிபிஐ குற்றச்சாட்டு பொய் என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி, தவறிழைத்த அதிகாரிகளைக் கண்டறிய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் அமைத்தது. அந்த அறிக்கை 2021இல் மூடிய உறையில் வந்தது. சிபிஐக்குக் கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், வெளியிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்குக்குப் பின்னால் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இருந்தது என்ற பேச்சு முப்பது ஆண்டாக ஓடுகிறது. அதை மெய்ப்பிக்கும் ஆவணம் எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. ஆகவே நான் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்; அரசு மறைத்தால் வதந்தி வளரத்தான் செய்யும். 1960 அக்டோபர் 24 அன்று பைக்கனூரில் ஏவுகணை வெடித்து சோவியத் ஏவுகணைப் படைத் தளபதி மார்ஷல் நெதேலினும் பல பொறியாளர்களும் கருகியபோது, சோவியத் அரசு மார்ஷல் விமான விபத்தில் இறந்ததாக அறிவித்தது. உண்மையை ஒப்புக்கொள்ள 1989 ஆயிற்று. ஒரு சாவை மறைத்த அரசு, நடக்காத சாவுகளையும் மறைத்திருக்கும் என்று உலகம் பேசத்தானே செய்யும்?

விண்வெளித் துறை பாதுகாப்போடு பின்னியது, எல்லாவற்றையும் திறந்துகாட்ட முடியாது என்பார்கள். எஞ்சின் வடிவமைப்புக்கு அது பொருந்தும், பூட்டியே வைக்கட்டும். ஒரு பொறியாளர் மீது பொய் வழக்கு எப்படி ஜோடிக்கப்பட்டது என்பதில் எந்த நாட்டுப் பாதுகாப்பும் இல்லை. அதை மறைத்தால் காப்பாற்றப்படுவது அதிகாரிகள் மட்டுமே. 2024இல் முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாயிற்று. இனியாவது ஜெயின் குழு அறிக்கையை முழுமையாக வெளியிடுங்கள்.